கண்ணாடியும் சீப்பும்

கோட்-டெ-நெய்ஜ், மொன்றியல்
12.05.2003

என் தங்கை மகனும் மருமகனுமான அரியரத்தினத்துக்கு, மாமன் வல்லிபுரம் சொல்லி எழுதுவிப்பது.

நான் உயிரோடு இருக்கிறேன். முழங்கால்தான் என் பேச்சைக் கேட்பதில்லை. உமக்கும் உம்முடைய வீட்டுக்காரி கத்தரினுக்கும் வருத்தம் துன்பம் அண்டாமல் இருக்கட்டும்.

இது என் கையெழுத்து அல்ல. எனக்கு ஏது கையெழுத்து. எழுதுவது பாலாம்பிகை. நாங்கள் முன்பு இருந்த கட்டடத்தில் எதிர்க்கதவுக்காரி, ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. என் மகன் ஞானேந்திரன் இப்போது இல்-பிசாரில் வீடு வாங்கி எங்களைத் தீவுக்குள் கொண்டுபோய் விட்டான். அங்கே பஸ் ஆடிக்கொருக்கால் அமாவாசைக்கொருக்கால். உமக்கு ஒரு கடிதம் எழுதித் தா என்று அவனிடம் கேட்டேன். "அந்தாளின்ர பேரை இந்த வீட்டில எடுக்காதேங்கோ அப்பு" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். அதனால் பஸ் மாறி மெற்றோ பிடித்து இங்கே வந்திருக்கிறேன். பதிலையும் இந்த விலாசத்துக்கே போடும். தொலைபேசியில் நான் இதை ஆரம்பித்தால் நீர் "ஹலோ, ஹலோ, கேக்கேல்லை மாமா" என்பீர். எழுதினால் கேட்காமல் போகாது.

விஷயம் இதுதான். ஊருக்குப் பாதை திறந்துவிட்டது. சனம் தென்மராட்சிக்குப் போய் வருகிறது. என் மகள் தவமலருக்கு இன்னும் சுமைதாங்கி வைக்கவில்லை. வயிற்றில் பிள்ளையோடு போனவளுக்கு வழியோரத்தில் இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் கிடத்தி, பேர் வெட்டி வைக்க வேண்டும் என்பது உமக்குத் தெரியாததல்ல. வழியால் போகிற ஒருவன் தலைச்சுமையை அதில் இறக்கி ஆறினால் அவளுடைய சுமையும் இறங்கும். நான் புகையிலைச் சிப்பம் சுமந்த காலத்தில் எத்தனையோ பெண்களின் கல்லில் இறக்கி மூச்சு விட்டிருக்கிறேன். பேர் வாசிக்கத் தெரியாது. எதிரே வருகிறவனை மறித்து, இது ஆரடாப்பா என்று கேட்பேன்.

எங்கள் பக்கத்தில் அந்தக் கல்லைப் புருஷன்தான் வைப்பான். தகப்பன் வைத்தால் புருஷன் கைவிட்டவள் என்று ஊர் வாசிக்கும். அதனால்தான் இவ்வளவு காலம் பொறுத்தேன். கல்லில் "அரியரத்தினத்தின் மனைவி தவமலர்" என்று இருந்தால் போதும். நீர் மறுபடி கட்டியதற்கு நான் ஒரு சொல் சொன்னவன் அல்ல. இன்றைக்கும் சொல்லவில்லை.

உம்முடைய மறுமொழி கண்டால்தான் சோறு இறங்கும்.
மாமன் வல்லிபுரம்

*

வட ஸ்கொட்லாந்து
03.07.2003

அன்பும் மரியாதையும் உள்ள மாமாவுக்கு, அரியரத்தினம் எழுதுவது.

நாங்கள் இருவரும் சுகம். முழங்காலுக்கு இளஞ்சூட்டில் எண்ணெய் தடவி ஒத்தடம் கொடுங்கள். குளிரில் வெளியே போகும்போது கால்மேஸ் இரண்டு போடுங்கள். உங்கள் கடிதம் கிடைத்தது. பதில் பிந்தியதற்கு மன்னியுங்கள். இங்கே ஒரு பெரிய விஷயம் நடந்துகொண்டிருக்கிறது.

நாங்கள் நடத்துகிற கடையும் தபால் கந்தோருமான கட்டடத்துக்குப் பின்னால் ஒரு பார்லி வயல். சித்திரையில் உழும்போது கலப்பை ஒரு பலகைக் கல்லில் இடித்தது. ஆளுயரக் கல். முன்னொரு காலத்தில் யாரோ அதைக் கவிழ்த்து வாய்க்காலுக்கு மூடியாகப் போட்டிருக்கிறார்கள். புரட்டிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்கச் சித்திரம். மேலே ஒரு பிறை, அதன் குறுக்கே முறிந்த அம்பு. நடுவில் மீன். கீழே ஒரு கைக்கண்ணாடியும் சீப்பும். பிக்ற் என்ற பழைய சனம் வெட்டியது. ஆயிரத்து முந்நூறு வருஷம் இருக்குமாம். அந்தச் சனமும் இல்லை, அவர்களுடைய பேச்சும் இல்லை. இந்த உருக்கள் என்ன சொல்கின்றன என்று இன்றைக்கு வாசிக்க ஒருவரும் இல்லை.

பல்கலைக்கழகத்திலிருந்து ஆட்கள் வந்து கூடாரம் அடித்திருக்கிறார்கள். கத்தரினுக்கு இந்த ஆராய்ச்சியில் பைத்தியம். கடையை நான் பார்க்க, அவள் பகல் முழுக்க முழங்காலில் நின்று மண் சுரண்டுகிறாள். பின்னேரம் தேத்தண்ணிப் போத்தலோடு நானும் போய்விடுவேன். நேரில் பார்த்தால் நீங்களும் அசந்துபோவீர்கள்.

ஞானேந்திரனுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உடம்பைக் கவனியுங்கள்.
என்றும் பணிவுள்ள,
அரியரத்தினம்

*

கோட்-டெ-நெய்ஜ்
20.07.2003

மருமகன் அரியரத்தினத்துக்கு, மாமன் சொல்லுவது.

எண்ணெய் தடவினேன். கால்மேஸ் ஆடி மாதத்தில் போடுவதில்லை. நீங்கள் இருவரும் சுகமாக இருப்பது நல்ல செய்தி.

கடிதத்தைப் பாலாம்பிகை இரண்டு தரம் வாசித்தாள். முதல் தரம் வாசித்து முடித்ததும் "மற்றப் பக்கத்தையும் வாசி பிள்ளை" என்றேன். "மற்றப் பக்கம் இல்லை ஐயா, முடிஞ்சுது" என்றாள். நம்பாமல் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். வெறும் தாள்.

வாய்க்கால் மூடியாகக் கிடந்த கல்லுக்குக் கூடாரம் அடித்தது நல்ல வேலை. ஆளில்லாத சனத்தின் கல்லுக்கும் இந்தக் காலத்தில் ஆள் கிடைக்கிறது. நான் கேட்டது வேறு கல். அதற்கு நீர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒருவேளை என் கடிதத்தில் அந்தப் பகுதி மழையில் நனைந்து அழிந்ததோ தெரியாது. ஆனபடியால் மறுபடி சொல்கிறேன். எங்கள் ஊர்ச் சந்தியில், உம்முடைய மனைவி தவமலருக்கு, உம்முடைய பேர் போட்டு, மூன்று கல்.

நீர் வேலைக்காரரை வைத்துக்கூடச் செய்விக்கலாம். பேர்தான் உம்முடையதாக இருக்க வேண்டும்.

வேறு விசேஷம் இல்லை. கத்தரினுக்கு முழங்கால் பத்திரம் என்று சொல்லும்.
வல்லிபுரம்

*

வட ஸ்கொட்லாந்து
28.09.2003

அன்புள்ள மாமாவுக்கு,

குளிர் தொடங்கும் முன் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் சுகம். இலைகள் பழுக்கத் தொடங்கிவிட்டன.

கல்லுக்குப் பக்கத்தில் சவக்குழி ஒன்று அகப்பட்டது. நாலு பக்கமும் பலகைக் கல் நிறுத்திக் கட்டிய குழி. அதைச் சுற்றி நாற்சதுரமாக ஒரு அகழி இருந்திருக்கிறது. இப்போது அகழி இல்லை, மண்ணின் நிறம் மட்டும் கறுப்பாகக் கோடு போட்டதுபோல் தெரிகிறது. ஒரு கல்லை மட்டும் பார்த்தால் ஒன்றும் விளங்காது, அதைச் சுற்றி இருக்கிற மண்ணைப் பார்க்க வேண்டும் என்பது கத்தரினின் மந்திரம். இந்த ஊர் மண் புளிப்பு. எலும்பைத் தின்றுவிடும். குழிக்குள் ஆளே இல்லை மாமா. பல்லின் வெள்ளை மட்டும் சிலது, அரிசிமணி மாதிரி. கண்ணாடியும் சீப்பும் இருப்பதால் பெண்ணாக இருக்கலாம் என்று சிலர். அப்படிச் சொல்ல முடியாது என்று சிலர். அதற்காகக் கூடாரத்துக்குள் பெரிய சண்டை.

நீங்கள் கேட்ட விஷயம் என் மனதில் இருக்கிறது. என் நிலைமையையும் யோசியுங்கள். கத்தரினுக்குச் சில பழைய விஷயங்களை விளக்கிச் சொல்ல இன்னும் சந்தர்ப்பம் வரவில்லை. பேர் வெட்டி வைத்த கல்லை நாளைக்கு யாராவது படம் எடுத்து அனுப்பினால் சங்கடம். ஆறுதலாகச் செய்வோம்.

உங்கள் ஆசியை வேண்டும்,
அரியரத்தினம்

*

கோட்-டெ-நெய்ஜ்
02.11.2003

மருமகன் அறிய,

ஊசி போட்டாயிற்று. இனிப் பனி கொட்டினால் ஞானேந்திரன் என்னை வாசலைத் தாண்ட விடமாட்டான். அதனால் இன்றைக்கே வந்தேன்.

நாலு நாள் மழையில் நனைந்த ஆள்போல உம்முடைய கடிதம் நடுங்குகிறது. விளக்கிச் சொல்லச் சந்தர்ப்பம் வரவில்லை என்கிறீர். கல்யாணம் முடித்துப் பன்னிரண்டு வருஷம். நீங்கள் இருவரும் ஒரே மேசையில்தானே சாப்பிடுகிறீர்கள்?

கல்லைச் சுற்றியிருக்கிற மண்ணைப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பிள்ளை சொன்னது சரி. எங்கள் சந்தி மண்ணை நான் சொல்கிறேன், கேளும். நீர் லண்டனுக்குப் போன ஆவணிக்குப் பிறகு வந்த ஐப்பசி. ஊரடங்கு. அவளுக்கு ஆறாம் மாதம். விடியக் குருதி கண்டுவிட்டது. மருத்துவிச்சி றோசா ஓடி வந்தாள், பார்த்தாள், "இது என்ர கையில இல்லை வல்லிபுரண்ணை, ஆசுப்பத்திரிதான்" என்றாள். மாட்டுக்கொட்டில் கதவைக் கழற்றி அதில் கிடத்தி, நானும் ஞானேந்திரனும் பக்கத்து வீட்டுக்காரர் இருவரும் தூக்கிக்கொண்டு போனோம். சந்தியில் ஆமிக்காரர் துவக்கை நீட்டித் திருப்பினார்கள். றோசா அவர்களிடம் வெள்ளைச் சீலையைக் காட்டினாள், கும்பிட்டாள், இங்கிலிசில் கத்தினாள். கதவை இறக்கி வைத்தோம். புளியமரத்துக்குக் கிழக்கே, மதகுக்கு இந்தப் பக்கம். அவள் தண்ணீர் கேட்கவில்லை. "அவர் கடிதம் போட்டவரோ அப்பு?" என்று கேட்டாள். "ஓம் பிள்ளை, நேற்று வந்தது" என்றேன். வரவில்லை. அது வந்தது மார்கழியில்.

அந்த மண் புளிப்பு மண் அல்ல, மருமகன். அது ஒன்றையும் தின்னவில்லை.

இதை எழுதிவிட்டுப் பாலாம்பிகை எழும்பிப் போய்த் தேத்தண்ணி போடுகிறாள். நான் நிறுத்துகிறேன்.
வல்லிபுரம்

*

கோட்-டெ-நெய்ஜ்
21.03.2004

மருமகன் அரியரத்தினத்துக்கு,

பனிக்காலம் போய்விட்டது, நான் போகவில்லை. உங்கள் சுகத்தை அறிய வழி இல்லை. கார்த்திகை தொடக்கம் பாலாம்பிகை ஞாயிறுதோறும் தொலைபேசி எடுத்து "ஒண்டும் வரேல்லை ஐயா" என்பாள். பிறகு அவளுக்கே வெட்கமாகி, எடுப்பதைக் குறைத்துக்கொண்டாள்.

இல்-பிசாரில் எனக்குக் கதைக்க ஆள் இல்லை. பேரப்பிள்ளைகள் பிரெஞ்சில் சண்டை பிடிப்பார்கள். அதில் எனக்கு விளங்குகிற ஒரே சொல் மெர்சி. அதை அவர்கள் சொல்வதில்லை.

கிடைத்தது என்றாவது ஒரு வரி எழுதும். பசித்தவனுக்கு இல்லை என்று சொல்வதும் ஒரு மறுமொழிதான்.
வல்லிபுரம்

*

வட ஸ்கொட்லாந்து
15.04.2004

அன்புள்ள மாமாவுக்கு,

உங்களுக்கும் குடும்பத்தாருக்கும் புதுவருஷ வாழ்த்துகள். பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. எழுதுவதை விடச் செய்து காட்டுவது மேல் என்று நினைத்தேன்.

மாசி மாதம் நான் ஊருக்குப் போனேன். கடையைக் கத்தரின் பார்க்க வேண்டியிருந்தது, தனியாகத்தான் போனேன். நீங்கள் சொன்ன இடத்திலேயே, புளியமரத்துக்குக் கிழக்கே, தவமலருக்குக் கல் வைத்துவிட்டேன். படம் இத்துடன் இருக்கிறது.

மூன்று கல் வைக்கவில்லை. இந்தக் காலத்தில் யார் மாமா தலையில் சுமை கொண்டு போகிறார்கள்? லொறி, மினிபஸ், மோட்டார் சைக்கிள். அதனால் ஒரே கல்லாக, ஆளுயரத்தில், நிமிர்த்தி நட்டேன். சாவகச்சேரியிலிருந்து கல்வெட்டுகிற ஒருவரைப் பிடித்து, எங்கள் வயல் கல்லின் படத்தைக் காட்டி, பிறையும் கண்ணாடியும் சீப்பும் வெட்டுவித்தேன். அச்சு அசலாக வந்திருக்கிறது. எழுத்து ஒன்றும் போடவில்லை. எழுத்து ஒருநாள் வழக்கொழியும், உருவம் நிற்கும். எங்கள் வயல் கல் எழுத்தில்லாமலே ஆயிரத்து முந்நூறு வருஷம் நின்றது அல்லவா? எழுத்து வாசிக்காத உங்களுக்கும் இது விளங்கும் என்பது என் எண்ணம்.

இனியாவது உங்கள் மனம் ஆறட்டும்.
பணிவுள்ள,
அரியரத்தினம்

*

கோட்-டெ-நெய்ஜ்
06.06.2004

அரியரத்தினத்துக்கு வல்லிபுரம் எழுதுவிப்பது.

பாலாம்பிகை வழக்கம்போல் "நீர்" என்று எழுதத் தொடங்கினாள். "நீ" என்று எழுது என்றேன். சுகம் விசாரிக்கவும் வேண்டாம் என்றேன்.

படம் கிடைத்தது. நல்ல வேலைப்பாடு. சீப்பின் பல்லை எண்ணலாம். ஆர் என்று மட்டும் தெரியவில்லை.

எழுத்து வாசிக்காத எனக்கு விளங்கும் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன். உன் பேர் அதில் இல்லை. அவள் பேர் இல்லை. வயிற்றில் இருந்த உன் பிள்ளைக்கும் அதில் அடையாளம் இல்லை. மேலே குறுக்குக் கல் இல்லாததால் ஒருவன் ஒரு ஓலைக் கடகத்தைக்கூட இறக்க முடியாது. இறக்குகிற கல்லைக் கேட்டேன், நீ ஒளிகிற கல்லை நட்டிருக்கிறாய்.

போன வெள்ளி றோசா ஊரிலிருந்து தொலைபேசி எடுத்தாள். ஞானேந்திரன் கொடுக்கமாட்டான் என்று நினைத்தேன், கொடுத்தான்.

"வல்லிபுரண்ணை, உங்கட மருமோன் வைச்ச கல்லுக்கு இண்டைக்குப் பொங்கல்" என்றாள்.

"ஆர் பொங்கினது?"

"சந்தியடிச் சனம். கண்ணாடியம்மன் எண்டு பேர் வைச்சிட்டினம். தகரக் கொட்டில் போட்டாச்சு. மினிபஸ்காரர் நிப்பாட்டிக் கற்பூரம் கொளுத்திப்போட்டுத்தான் போறாங்கள். பொம்பிளையள் சீப்பு வாங்கிக்கொண்டு வந்து வைக்கினம். ஒரு கூடை சீப்புச் சேர்ந்து கிடக்கு."

"நீ சொல்லேல்லையோ றோசா, அது எங்கட தவமலர் எண்டு?"

"சொன்னனான். எந்தத் தவமலர் எண்டு கேக்கினம். பிறகு ஒரு மனிசி, சிலுவை போட்ட வேதக்காரி வந்து எங்கட அம்மனைப் பழிக்கிறாள் எண்டு பேசினவள். பழைய சனம் ஆர் அண்ணை அங்க இருக்கு?"

நான் தொலைபேசியை வைத்த பிறகு ஞானேந்திரனுக்குச் சொன்னேன். அவன் முதலில் சிரித்தான். "கடைசியில அக்காவைச் சாமியாக்கிப்போட்டான்" என்றான். பிறகு குளிர்பெட்டியைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். ஒன்றும் எடுக்கவில்லை.

நீ அந்த வெள்ளைக்கார ஊர்ப் பழைய சனத்துக்கு வாசிக்க ஆளில்லை என்று கவலைப்பட்டு எழுதினாய். உன் சனத்துக்கு வாசிக்க ஆள் இருந்தது. நான் கேட்டது ஒரு வரி. அந்த வரி வாசிக்கப்பட்டுவிடும் என்ற பயத்தில் நீ அவளை ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முந்திச் செத்தவள் ஆக்கிவிட்டாய்.

அவள் அம்மன் ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உன் பெண்சாதியாக இருக்க வேண்டும் என்றுதான் கேட்டேன். அதற்கு ஆயுளும் குறைவு, செலவும் குறைவு.

இனி உனக்கு எழுதமாட்டேன்.
வல்லிபுரம்

*

(கத்தரின் ஆங்கிலத்தில் எழுதியது. பாலாம்பிகை தமிழில் எழுதி வாசித்தது.)

வட ஸ்கொட்லாந்து
18.07.2004

மதிப்புக்குரிய திரு வல்லிபுரம் அவர்களுக்கு,

நாம் சந்தித்ததில்லை. கடித உறையில் இருந்த விலாசத்தைப் பார்த்து எழுதுகிறேன். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அரிக்குக் கொஞ்ச நாளாகப் பசியும் இல்லை, பேச்சும் இல்லை. கடையில் வேலை கூட என்கிறார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லாததால் வீடு எப்போதும் அமைதிதான், இப்போது இன்னும் அமைதி.

எங்கள் வயலில் கிடைத்த கல்லைப் பற்றி ஊர் மண்டபத்துக்காக ஒரு சிறு புத்தகம் எழுதுகிறேன். அரியின் மேசையில் ஒரு படம் கண்டேன். அதே பிறை, அதே கண்ணாடி, அதே சீப்பு, ஆனால் பனைமரங்கள் நடுவே. போரில் இறந்த தன் மச்சாளுக்காக நட்டது என்றும், அவர் உங்கள் மகள் என்றும் அரி சொன்னார். அதைக் கேட்டு நான் அழுதேன். உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த அனுதாபம்.

ஒரு கேள்வி கேட்கலாமா? கண்ணாடியும் சீப்பும் பெண்ணைக் குறிக்கின்றன என்று இங்கே சிலர் சொல்கிறார்கள், நிரூபிக்க முடியவில்லை. உங்கள் ஊரிலும் இறந்த பெண்ணுக்கு இப்படிக் கல் நடுகிற வழக்கம் உண்டா? உங்களுக்குச் சம்மதம் என்றால் அந்தப் படத்தைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் போட விரும்புகிறேன். அதன் கீழே என்ன எழுதலாம் என்று சொல்லுங்கள். நான் உங்களுக்கு எழுதுவது அரிக்குத் தெரியாது. புத்தகம் வந்த பிறகு காட்டி அவரைச் சந்தோஷப்படுத்த நினைக்கிறேன்.

நன்றியுடன்,
கத்தரின்

*

கோட்-டெ-நெய்ஜ்
08.08.2004

பிள்ளை கத்தரினுக்கு, வல்லிபுரம் சொல்ல, பாலாம்பிகை இங்கிலிசில் எழுதுவது.

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நடமாடுகிறேன். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். மண் சுரண்டும்போது முழங்காலுக்குக் கீழே சாக்கை மடித்துப் போடுங்கள். வயது போனால் அது கணக்குக் கேட்கும்.

நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. எனக்கு இதுவரைக்கும் ஒருவரும் இப்படி நேரே கேட்டு எழுதவில்லை. ஆனபடியால் நேரே மறுமொழி சொல்கிறேன்.

கண்ணாடியும் சீப்பும் எங்கள் வழக்கம் அல்ல. அது உங்கள் வயலிலிருந்து எங்கள் சந்திக்குப் போனது. நாளைக்கு யாராவது எங்கள் சந்தியைத் தோண்டி இரண்டு ஊருக்கும் சொந்தம் இருந்தது என்று புத்தகம் எழுதக்கூடும். அந்தப் பிழை வராமல் நீங்கள் இப்போதே எழுதி வையுங்கள்.

எங்கள் வழக்கம் மூன்று கல். இரண்டை நட்டு, ஒன்றை மேலே கிடத்துவது. அது எல்லாப் பெண்களுக்கும் வைக்கிற கல் அல்ல. வயிற்றில் பிள்ளையோடு இறந்தவளுக்கு மட்டும். அதில் அவளுடைய பேரும் புருஷனுடைய பேரும் வெட்டுவது. அதை வைப்பவன் புருஷன்.

என் மகளுக்கு அப்போது ஆறாம் மாதம்.

மச்சாள் என்று அரியரத்தினம் சொன்னது பொய் அல்ல. அவர் என் தங்கையின் மகன். எங்களில் மச்சாளைக் கட்டுகிற வழக்கம் உண்டு. கட்டினார்.

அவரோடு கோபிக்க வேண்டும் என்று நான் இதை எழுதுவிக்கவில்லை. கோபிக்க வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். அது உங்கள் வீட்டு விஷயம்.

படத்தைப் போடுங்கள், சம்மதம். அதன் கீழே ஒரு வரி கேட்டீர்கள். இதைப் போடுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

அரியரத்தினத்தின் மனைவி தவமலர்.

புத்தகம் வந்தால் ஒன்று அனுப்புங்கள். எனக்கு வாசிக்கத் தெரியாது. அந்தப் பக்கத்தை ஞானேந்திரன் வாசிப்பான்.

உங்களுக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.
வல்லிபுரம்